குற்றஞ் சாட்டலும் சாட்டாது விடுதலும்

நீதி எவ்விடத்தில் நிகழ்கின்றது என்று வினாவினால், நம்மவரிற் பெரும்பாலார் நீதிமன்றத்தில் என்றே விடை கூறுவர். நீதிபதி ஆசனத்தில் வீற்றிருத்தலும், இருதிறத்து நியாயதுரந்தரரும் வாதித்தலும், சாட்சிகள் சத்தியஞ் செய்து மொழிதலும், ஈற்றிலே தீர்ப்பு வெளிப்படுதலும் எல்லாருங் காண நிகழ்வன. ஆயின், அம்மன்றத்தின் வாயிலிலே மக்கள் கண்ணுக்குப் புலனாகாத காவலாளன் ஒருவன் நிற்கின்றான். ஒருவன்மேற் குற்றஞ் சாட்டுவதா விடுவதா, சாட்டின் எக்குற்றத்தைச் சாட்டுவது, சாட்டிய பின் நடத்துவதா மீட்டுக்கொள்வதா என்பனவெல்லாம் அவன் கையிலுள்ளன. அவன் கதவைத் திறவானாயின், உள்ளே வீற்றிருக்கும் நீதிபதி எத்துணை அறிவுடையவராயினும் அவராற் செய்யத்தக்கது யாதுமில்லை. வழக்குத்தொடுநர் எனப்படும் இவ்வதிகாரியினது தற்றுணிபு அறத்தோடு பொருந்துமாறு எங்ஙனம் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

இது சட்டங் கற்றார்க்கு உரிய விஷயமன்றோ, சைவ வித்தியாசாலை உபாத்தியாயர்களுக்கு இதனாலாவது என்னை எனின், கூறுதும். தண்டத்தையும் கருணையையும் வேறு பிரியாது வைத்துப் பேசுஞ் சமயம் நமது சமயம். ஆதலால் எங்கே தண்டிப்பது, எங்கே விடுவது என்னும் வினா நமக்குப் புறம்பானதன்று. அன்றியும், உபாத்தியாயர் ஒவ்வொருவரும் நாடோறும் இவ்வதிகாரத்தையே சிறிய அளவிற் செலுத்தி வருகின்றார். அதனை முடிவிலே காட்டுவாம்.

முதற்கண் இவ்வதிகாரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இலங்கையிலே பாரதூரமான குற்றங்களுக்கு மேல்நீதிமன்றத்திற் குற்றப்பத்திரம் தாக்கல் செய்பவர் சட்டமா அதிபர். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அவருக்கு அளித்த அதிகாரங்கள் பல. பொலிசார் திரட்டிய சான்றுகளை ஆராய்ந்து குற்றஞ் சாட்டவும் சாட்டாது விடவும் அவருக்கு உரிமையுண்டு. மேல்நீதிமன்றத்தில் விளக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே, தீர்ப்பு வெளிவருமுன், இனி இவ்வழக்கை நடத்தோம் என்று மன்றுக்கு அறிவித்து அவர் அதனை நிறுத்தலாம். குற்றத்திற் பங்குகொண்டான் ஒருவனுக்கு, தான் அறிந்த உண்மை முழுவதையும் ஒளியாது கூறவேண்டும் என்னும் நிபந்தனையோடு மன்னிப்பளித்து, அவனையே சாட்சியாக்கவுஞ் செய்யலாம். ஒரே செயலுக்கு எப்பெயர் இடுவது என்பதும் அவர் கருத்தையே பொறுத்தது. ஒருவன் அடித்த அடியால் மற்றொருவன் இறந்தானாயின், அதனைக் கொலை என்றுஞ் சாட்டலாம். கொலையாகாத ஆட்கொலை என்றுஞ் சாட்டலாம். முன்னதற்குச் சட்டம் விதித்த தண்டம் மரணம், பின்னதற்குச் சிறை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் ஓர் அதிகாரியின் எழுதுகோல் நகரும் தூரமேயாம்.

இத்துணைப் பெரிய அதிகாரம் ஒரு மனிதன் கையில் இருத்தல் தகுமோ? தகாது, குற்றம் என்று தோன்றுவன எல்லாவற்றையும் ஒன்றும் விடாது மன்றின் முன் வைத்தலே நடுவுநிலை என்று கூறுவாரும் உளர். ஜெர்மனி தேசத்தார் 1877ஆம் ஆண்டில் இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலே இக்கொள்கையையே அடிப்படையாக வைத்தார்கள். போதிய சான்று உளதாயின் வழக்குத்தொடுத்தல் அதிகாரிக்குக் கடமை, அவன் விருப்பத்தின்பாற்பட்டதன்று என்பது அவர் துணிபு. உயர்ந்த கொள்கையே, ஆயினும் அவர்தாமும் 1924ஆம் ஆண்டிலே சிறு குற்றங்களுக்கு விலக்குச் செய்யவேண்டியவராயினர். என்னை? பசியால் ஒரு தேங்காயை எடுத்த சிறுவனையும், பண்டகசாலையைக் கொள்ளையிட்ட கூட்டத்தாரையும் ஒரே வாயிலால் மன்றுக்கு அனுப்புதல் சமன் போலத் தோன்றினும் சமனன்று. வேறுபட்டவற்றை ஒன்றாகக் கொள்வதும், ஒன்றானவற்றை வேறாகக் கொள்வது போலவே, நடுவுநிலை தவறுதலாம்.

இங்கிலாந்திலே சட்டமா அதிபராயிருந்த சேர் ஹாட்லி ஷோகிறொஸ் 1951ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பாராளுமன்றத்திற் பேசியபோது, குற்றம் நிகழ்ந்ததென்னும் ஐயம் எழுந்த மாத்திரத்தில் வழக்குத்தொடுத்தே ஆகவேண்டும் என்னும் விதி அந்நாட்டில் என்றும் இருந்ததில்லை என்று எடுத்துரைத்தார். அந்நாட்டு வழக்குத்தொடுநர் தமக்கு வகுத்துக்கொண்ட முறைப்படி இரண்டு வினாக்கள் கேட்கப்படுகின்றன. குற்றத்தை மெய்ப்பித்தற்குச் சான்று போதுமா என்பது முதல் வினா. போதுமாயின், வழக்குத்தொடுத்தல் பொதுநன்மைக்கு ஏற்றதா என்பது இரண்டாவது வினா. யப்பான் தேசத்துச் சட்டமோ இன்னும் விரித்துக் கூறும். செய்தவனுடைய குணம், வயது, வாழ்க்கைச் சூழல், குற்றத்தின் கனம், அது நிகழ்ந்த நிலை, செய்த பின் அவன் நடந்துகொண்ட முறை என்பவற்றை நோக்கி, வழக்கு வேண்டாம் என அதிகாரி காணின் அதனைத் தொடாது விடலாம் என்பது அதன் 248ஆம் உறுப்புரை. செய்ததற்கு வருந்தி, இழந்தவனுக்கு இழப்பை ஈடுசெய்தவனையும், செய்ததைப் பெருமையாகப் பேசித் திரிபவனையும் வேறுபடுத்தி நோக்குதற்கு இது இடந்தருகின்றது. சாட்டாது விடுதலும் ஒரோவழி அறமேயாம் என்பது இவற்றாற் பெறப்படும்.

அற்றேல், தற்றுணிபு முழுவதும் நன்மையோ எனின், அன்று. கண்டித்தற்கும் விடுதற்கும் உரிய அதிகாரம் தீய வழியிற் செல்லுமிடத்து விளையுங் கேடு மூன்று வகைப்படும். அவற்றை ஒவ்வோர் உதாரணத்தாற் காட்டுவாம்.

முதலாவது, குற்றத்தை நோக்காது ஆளை நோக்குதல். அமெரிக்க ஐக்கிய நாட்டின் சட்டமா அதிபராயிருந்த றொபேட் ஜாக்சன் 1940ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் தம் கீழுள்ள வழக்குத்தொடுநரை ஒருங்குகூட்டி ஆற்றிய உரையிலே இவ்வபாயத்தை வெளிப்படையாக எடுத்துக் காட்டினார். சட்டப் புத்தகங்கள் குற்றங்களால் நிரம்பியிருத்தலால், தேடுவோன் தேடினால் எவன்மீதும் யாதானுமொரு குற்றத்தைக் கண்டெடுக்கலாம். ஆதலால், நிகழ்ந்த குற்றத்தைச் செய்தவன் யாவன் என்று தேடுதலை விட்டு, தனக்கு வேண்டாத ஒருவனைத் தெரிந்துகொண்டு அவனுக்கேற்ற குற்றத்தைத் தேடப் புகுவானாயின், அங்கே சட்டம் பகைமைக்குக் கருவியாய்விடும் என்பது அவர் கூறியதன் சாரம். இவரும் முற்கூறிய ஷோகிறொசும் பின்னர் நூரெம்பேர்க் நகரத்திலே போர்க்குற்ற விசாரணையில் தத்தம் நாட்டின் சார்பிற் குற்றஞ்சாட்டிய தலைவர்கள். அவ்வதிகாரத்தின் வலியை அனுபவத்தால் அறிந்தவர்களே அதனை அஞ்சினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, குற்றச்சாட்டைப் பயமுறுத்துங் கருவியாக்குதல். அமெரிக்காவின் கென்ரக்கி மாகாணத்திலே ஒருவன் 88 டொலர் 30 சதம் பெறுமதியான பொய்க் காசோலை ஒன்றைக் கொடுத்தான் என்று குற்றஞ் சாட்டப்பட்டான். அக்குற்றத்திற்குத் தண்டம் இரண்டு முதற் பத்து ஆண்டுச் சிறை. வழக்குத்தொடுநர் அவனை நோக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்வாயாயின் ஐந்தாண்டுச் சிறைக்குச் சிபார்சு செய்வேம். ஒப்புக்கொள்ளாது மன்றுக்கு வீண் அலைச்சல் தருவாயாயின், நீ முன்னும் இருமுறை குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவனாதலால், பழங்குற்றவாளிகளுக்குரிய சட்டத்தின்கீழ் உன்மேற் குற்றஞ் சாட்டுவேம் என்றார். அச்சட்டம் விதித்தது ஆயுட்காலச் சிறை. அவன் ஒப்புக்கொண்டிலன், கூறியபடியே சாட்டப்பட்டு ஆயுட்காலச் சிறை பெற்றான். 1978ஆம் ஆண்டிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் இது சட்டத்திற்கு முரணன்று என்றும், நால்வர் அன்று என்றுந் தீர்த்தனர்.

சட்டத்தின் தீர்ப்பு எவ்வாறாயினும் ஆகுக. அறத்தின் தீர்ப்பு யாது? ஐந்தாண்டு போதும் என்று அதிகாரியே மதித்தமையால், அக்குற்றத்தின் தகுதி அதுவென அவரே அளவிட்டவராயினார். எஞ்சிய ஆயுள் முழுவதும் எதற்குரிய தண்டம்? காசோலைக்கு அன்று, என் வழக்கை நீதிபதி கேட்கட்டும் என்று கூறிய வாய்க்கே அது தண்டம். நீதிமன்றத்தின் வாயிற்காவலன், உள்ளே செல்ல விரும்பினவனை அவ்விருப்பம் பற்றியே ஒறுத்தான். குற்றமில்லாதவன் ஒருவன் அந்நிலையில் நிற்பானாயின், அஞ்சிச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளவுங் கூடுமன்றோ?

மூன்றாவது, அதிகாரத்திலுள்ளாரின் முகம் பார்த்தல். 1924ஆம் ஆண்டு யூலை மாதம் இலண்டனிலே ஜே. ஆர். கம்பெல் என்னும் பொதுவுடைமைப் பத்திரிகாசிரியர், போர்வீரர் தம் உடன்பிறந்த தொழிலாளர்மேற் சுடலாகாது எனத் தூண்டுங் கடிதமொன்றை வெளியிட்டார். 1797ஆம் ஆண்டின் பழஞ்சட்டமொன்றின்கீழ் அவர்மேற் குற்றஞ் சாட்டப்பட்டது. சில தினங்களுள் அது மீட்கப்பட்டது. தொழிற்கட்சியார் முதன்முறையாக அரசியல் நடத்திய காலம் அது. அரசியல் விஷயமான வழக்குகளைத் தமது சம்மதமின்றித் தொடுக்கலாகாது என்று மந்திரிசபை தீர்மானித்திருந்தமையும் வெளிப்பட்டது. ஒக்டோபர் மாதத்திலே அவ்வழக்கு மீட்புப் பற்றியே றாம்சே மக்டொனால்ட் என்பாரது அரசாங்கம் பாராளுமன்றத்தில் தோல்வியுற்று வீழ்ந்தது. அவ்வழக்கை மீட்டமை தானே தவறென்று நாம் சொல்லோம். வயோதிகமான சட்டமொன்றாற் கருத்துரைத்தவனைச் சிறையிடாமை நன்றாகவும் இருக்கலாம். மீட்டவர் தம் மனச்சான்றுக்காக மீட்டாரோ, தம் தலைவர்க்காக மீட்டாரோ என்று மக்கள் ஐயுறும்படியானதே கேடு. நல்ல செயலும் ஐயத்துக்கிடமான கையினின்று வருமாயின் நம்பிக்கையைக் கெடுத்தே செல்லும்.

இலங்கையும் இக்கேடுகளுக்குப் புறம்பான நாடன்று. 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்போது இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டு, சாதாரண மக்கள் இராணுவ மன்றுகளின் முன் நிறுத்தப்பட்டனர். கலகத்துக்கு அரசத்துரோகம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் அப்பெயரால் 1915ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆந் தேதி சுட்டுக்கொல்லப்பட்டார். அக்காலத்துச் செய்கைகளைச் சட்டநிரூபண சபையிலே எடுத்துக் கண்டித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1916ஆம் ஆண்டில் அவை பற்றி ஒரு நூலும் இலண்டனில் வெளியிட்டார். நம் சிறார்க்குக் கல்லூரிகள் நிறுவிய அப்பெருமகனார் 1892 முதல் 1906 வரை இந்நாட்டின் சொலிசிற்றர் ஜெனரலாய் இருந்தவர் என்பதை உபாத்தியாயர்கள் மறத்தலாகாது. குற்றஞ்சாட்டும் அதிகாரத்தைத் தாம் செலுத்தியறிந்தவரே அதன் மிகையைக் கண்டு வாளாவிருந்திலர்.

அன்றியும், எச்சட்டத்தின்கீழ்ச் சாட்டுவது என்னும் தெரிவு வழக்கின் முடிவையே மாற்றவல்லது. பொலிசாரிடம் ஒருவன் கூறிய குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்பது நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. 1979ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற் குறையாத அதிகாரியிடம் கூறிய ஒப்புதலைச் சான்றாகக் கொள்ள இடங்கொடுத்தது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதாயின் அதனைக் காட்டும் பாரத்தையும் கூறியவன் தலைமேலேயே வைத்தது. ஆகவே ஒரே செயலைப் பற்றிய இரு சட்டங்களுள் எதனைக் கையிலெடுப்பது என்று அதிகாரி தெரிந்த அக்கணத்திலே, எதிரியின் பாதுகாப்பிற் பெரும்பகுதி இருத்தலும் இல்லாமற் போதலும் தீர்ந்துவிடும். நம்மவரிற் பல குடும்பங்கள் இதன் பொருளைப் புத்தகத்தால் அன்று, அனுபவத்தால் அறிந்தன.

இனி, நமது சமயநூல்கள் காட்டும் நெறியை நோக்குவாம். திருவாரூரிலே அரசு செய்த மனுவேந்தன் சரித்திரம் சேக்கிழார் பெருமான் பாடியருளிய திருத்தொண்டர் புராணத்தின் முற்பகுதியில் உள்ளது. அரசகுமாரன் ஊர்ந்த தேர்க்காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயில் மணியை அசைத்தது. மந்திரிமார், பசுவதைக்கு வேதியர் விதித்த பிராயச்சித்தம் உண்டு, அதனைச் செய்வித்தல் சாலும் என்றனர். அரசன் அதற்கு இசைந்திலன். மேலோட்டமாகப் படிப்பவர், விதிவிலக்கு யாதும் வேண்டாம், குற்றத்திற்குத் தண்டம் நிகழ்ந்தே தீரவேண்டும் என்பதே இதன் பொருள் எனக் கொள்வர். நாம் அங்ஙனங் கொள்ளோம். அரசன் மந்திரிகளை மறுத்த காரணத்தை உற்று நோக்குக. தன் மகன் செய்ததற்கு ஒரு முறையும், பிறன் ஒருவன் அதனையே செய்யின் வேறொரு முறையும் ஆமோ என்பதே அவன் வினா. அவன் வெறுத்தது விடுதலையன்று. தன்னவர்க்கு மாத்திரம் உரிய விடுதலையை. ஏழை மகனுக்கும் கிட்டாத கருணை அரசன் மகனுக்குக் கிட்டுமாயின் அது கருணையன்று, களவு. இவ்வினாவே தற்றுணிபு அனைத்துக்கும் உரைகல்லாம்.

மற்றொரு சரித்திரத்தையும் இதனோடு வைத்து எண்ணுக. திருக்கோவலூர் மன்னராகிய மெய்ப்பொருள் நாயனார், திருவேடம் பூண்டு வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை, தம் காவலனாகிய தத்தன் தீங்கு செய்யாதபடி தடுத்து, ஊரெல்லைக்குப் பத்திரமாகக் கொண்டுபோய் விடும்படி பணித்தார். ஓரரசன் தண்டியாது விட இசைந்திலன். மற்றோரரசர் கொலைஞனையே விடுவித்தார். இரண்டும் நமக்கு அறமாகப் போற்றப்படுவது எங்ஙனம்? வேற்றுமை இதுவென்க. மெய்ப்பொருளார் பொறுத்தது தம் உடம்புக்கு நேர்ந்த தீங்கு. அதனைப் பொறுக்க அவர்க்கு உரிமையுண்டு. மனுவேந்தன் முன் வந்ததோ பசுவுக்கு நேர்ந்த தீங்கு. அதனைப் பொறுத்தற்கு உரிமை பசுவினதேயன்றி அரசனதன்று. தனக்குச் செய்த பிழையைப் பொறுத்தல் பொறையுடைமை. பிறர்க்குச் செய்த பிழையை அவரைக் கேளாது பொறுத்தல் எளியாரது உடைமையை எடுத்துத் தானஞ் செய்தலை ஒக்கும்.

அங்ஙனமாயின், வழக்குத்தொடுநர் ஒருவரையும் விடுதல் கூடாதோ எனின், கூடும். அவர் செய்யத்தக்கது மன்னிப்பன்று. அரசின் தண்டம் இவ்விடத்துத் தன் பயனைத் தருமோ என்னும் ஆராய்ச்சியே. சித்தாந்த நூல்கள் இறைவன் செய்யுந் தண்டத்தையும் கருணையென்றே கூறும். அறக்கருணை, மறக்கருணை என அது இருவகைத்து. உயிரின் மலநோய் நீங்குதற்கு வேண்டிய அளவே தண்டம் நிகழும், வெகுளி தீர்த்தற்கன்று. ஆதலால், தண்டம் எவனையுந் திருத்தாது, எவரையுங் காவாது, இழந்தவனுக்கும் ஆறுதல் தாராது வீணே துன்பம் விளைக்குமிடத்து, அதனை விடுதல் முறையேயாம். திருவள்ளுவர் பொருட்பாலிலே செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்னும் நான்கு அதிகாரங்களையும் 55 முதல் 58 வரை அடுத்தடுத்து வைத்த முறையும் இதற்கு இயைபுடையது. செங்கோலும் கண்ணோட்டமும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல. முறை கெடாத கண்ணோட்டமே அரசர்க்கு அணி.

ஆயின் ஒன்று மறக்கலாகாது. இறைவன் முற்றறிவுடையவன், அவனது தற்றுணிபுக்குக் காரணங் கேட்பாரில்லை, கேட்கவேண்டுவதும் இல்லை. மனிதனோ ஆணவமலத்தாற் கட்டுண்ட சிற்றறிவினன். விருப்பும் வெறுப்பும் அவனறியாமலே அவன் கோலைச் சாய்க்கும். தன்னை நடுவுநிலையாளனென்று நம்பும் அதிகாரியே பெரிதும் அஞ்சத்தக்கவன். ஆகவே, காரணங் கூறவேண்டாத அதிகாரம் பதிக்கே உரியது. பசுவாகிய மனிதன் அதனை ஏற்றல் அபசாரம். மனிதன் கைத் தற்றுணிபுக்கு வரம்பு வேண்டும் என்பது சட்ட நூலார் மாத்திரங் கூறுவதன்று. சித்தாந்தத்தினின்றும் பெறப்படும் முடிவு.

அவ்வரம்பு பல தேசங்களிற் பலவாறு அமைந்துள்ளது. யப்பானிலே 1948ஆம் ஆண்டு தொடக்கம், சாதாரண மக்களிலிருந்து திருவுளச்சீட்டால் தெரியப்பட்ட 11 பேர் கொண்ட மீளாய்வுக் குழுக்கள் உள்ளன. வழக்குத்தொடாது விட்டமையாற் குறையுற்றவன் அவர்களிடம் முறையிடலாம். 2009ஆம் ஆண்டு முதல், அக்குழு இருமுறை ஆராய்ந்து வழக்கு வேண்டுமென்று தீர்மானிப்பின் அது தொடுக்கப்பட்டேயாகும். இங்கிலாந்திலே 2013ஆம் ஆண்டு தொடக்கம், குற்றத்தாற் பாதிக்கப்பட்டவர், கைவிடப்பட்ட தம் வழக்கை மீண்டும் ஆராயும்படி கேட்கலாம். இவையெல்லாம் மனுவேந்தன் வாயிலில் தூங்கிய மணியே என்க. இலங்கையிலும், 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பறிக்கைகளில் வெளிவந்த வழக்கொன்றிலே, அவதூறுக் குற்றஞ் சாட்டப்பட்ட பத்திரிகாசிரியர் ஒருவரது மனுவை உயர்நீதிமன்றம் ஏற்றிலதாயினும், சட்டமா அதிபரின் குற்றஞ்சாட்டும் அதிகாரம் வரம்பற்றதன்று, அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தரும் சமத்துவத்துக்கு மாறாகச் செல்லுமாயின் மன்று அதனை ஆராயும் என்று நியாயங் கூறிற்று.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. சாட்டாது விட்டதற்குக் காரணத்தைப் பகிரங்கமாகக் கூறின், மன்றிலே விசாரிக்கப்படாத ஒருவன் ஊரவர் வாயிற் குற்றவாளியாய் விடுவானன்றோ? இது வலியுள்ள ஆட்சேபமே, இதனைத் தள்ளலாகாது. ஆதலால் காரணஞ் சொல்லவேண்டுமிடம் சந்தையன்று. தீங்குற்றவனுக்கும் மீளாய்வு செய்வோர்க்குமே சொல்லல் வேண்டும். ஆயினும் எழுதி வைத்தல் எஞ்ஞான்றும் வேண்டும். எழுதமுடியாத காரணம் ஒன்று உளதாயின், அது காரணமன்று, பட்சபாதமே எனத் துணிக.

முடிவாக, உபாத்தியாயர்களாகிய உங்களை நோக்கிச் சில கூறுவாம். பிள்ளையொருவன் வாழ்க்கையிற் சந்திக்கும் முதல் வழக்குத்தொடுநர் நீங்களே. வகுப்பிலே ஒரு மாணாக்கனது பணம் காணாமற் போயிற்று என்று வைத்துக்கொள்க. தலைமை உபாத்தியாயருக்கு அறிவிப்பதா, தந்தையை அழைப்பதா, பொலிசாருக்குச் சொல்லுவதா, தனியே அழைத்துப் புத்தி கூறுவதா என்பது உங்கள் ஒரு வார்த்தையில் நிற்கின்றது. குற்றப்பொறுப்புக்குரிய வயதை இலங்கைச் சட்டம் 2018ஆம் ஆண்டில் 8 இலிருந்து 12 ஆக உயர்த்தியது. அதற்கு மேற்பட்ட பிள்ளையும் பிள்ளையே. கள்ளன் என்னும் பெயர் பத்திரத்தில் எழுதப்படுமுன்னரே வகுப்பறையிற் சூட்டப்படின், அது அழியாது.

ஆதலால் மூன்று வினாக்களை உங்கள் நெஞ்சிலே எழுதிக்கொள்க. ஒன்று, இப்பிள்ளை முகாமைக்காரர் மகனாயின், அல்லது என் மகனாயின், இதனையே செய்வேனோ? கூலிக்காரன் மகனைப் பொலிசாரிடமும் பெரிய வீட்டுப் பிள்ளையைத் தந்தையிடமும் அனுப்புவது மனுவேந்தன் வினாவுக்கு முன் நில்லாது. இரண்டு, பணத்தை இழந்த பிள்ளையைக் கேட்டேனோ? களவுசெய்தவன்மேல் இரங்கும் நாம், இழந்தவன் அழுகையை மறத்தல் எளிது. மற்றவன் பணத்தை மன்னிக்க நமக்கு உரிமையில்லை. அதனை மீட்டுக் கொடுத்த பின்னரே இரக்கத்தைப் பற்றிப் பேசலாம். மூன்று, உண்மையை அறிதற்காகக் கேட்கின்றேனோ, என் அலைச்சல் தீர்தற்காகக் கேட்கின்றேனோ? ஒப்புக்கொள், விட்டுவிடுவேன், மறுத்தாயோ பாடசாலையை விட்டு நீக்குவேன் என்று அச்சுறுத்துவது கென்ரக்கி வழக்கே. அச்சத்தாற் பொய்யாக ஒப்புக்கொண்ட பிள்ளை, மெய்யினும் பொய்யே காக்கும் என்னும் பாடத்தை நம்மிடமிருந்தே கற்றவனாவான்.

இவ்வாறு வளர்க்கப்பட்ட மாணாக்கருள்ளேதான் நாளைக்குச் சட்டமா அதிபரும், அவர் திணைக்களத்து நியாயதுரந்தரரும், பொலிஸ் அதிகாரிகளும், நீதவான்மாரும் தோன்றுவர். ஒரு சிறு காசுக் களவிலே நடுவுநிலை இஃதென்று கண்டறிந்த பிள்ளை, பின்னாளிற் பெரிய பத்திரத்திற் கையொப்பமிடும்போது அதனை நினைக்கும். தண்டிக்கவும் விடவும் வல்ல கையை உடையவன், அது தன் கையன்று, தன்னிடத்து ஒப்புவிக்கப்பட்ட கை என்று அஞ்சி நடப்பானாயின், அவன் விடுதலும் அறம். அவன் தண்டித்தலும் கருணை. அந்நிலை நம் நாட்டார்க்கு வாய்க்கும்படி திருவருள் முன்னிற்பதாக.